எந்த மூலையில் போய் ஒட்டும்? – வேதியியல் கேள்வி பதில்

சென்ற இதழில் பென்சீன் வளையத்தைப் பற்றி நான் எழுதிய இரண்டு பக்கத்துக்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மருந்துகளுக்கான இடைநிலைப் பொருள்களைச் செய்யும் ஆய்வகத்தில் 31 வருடம் நின்றவள் நான். அதில் பெரும்பகுதி இந்த வளையத்தோடுதான் போனது. அதனால் இந்த மாதப் பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: அரோமேட்டிக் என்றால் மணமுள்ளது என்று பொருள். ஆனால் அந்தப் பட்டியலில் பாதிச் சேர்மங்களுக்கு மணமே கிடையாதே? – பிளஸ் டூ மாணவர்

பெயர் மணத்தில் ஆரம்பித்தது உண்மை. சாம்பிராணி என்று நாம் சொல்லும் பிசினிலிருந்து பென்சாயிக் அமிலம் எடுத்தார்கள். அதைச் சுண்ணாம்போடு சூடாக்கி, வெளியே வந்த திரவத்துக்கு அந்தப் பிசினின் பெயரையே ஒட்டிவைத்தார் மிட்ஷெர்லிக். அது 1830களில். அதற்கு முன்பே, 1825இல், ஃபாரடே அதே திரவத்தை விளக்கு வாயுவின் கசடிலிருந்து பிரித்திருந்தார்.

இன்று அந்தச் சொல்லுக்கு மூக்கோடு சம்பந்தமில்லை. ஆறு கார்பன், அவற்றுக்குப் பொதுவாக ஆறு எலெக்ட்ரான். ஒற்றைப் பிணைப்பு, இரட்டைப் பிணைப்பு என்று மாறி மாறி வரைகிறோமே தவிர, அளந்து பார்த்தால் ஆறு பிணைப்பும் ஒரே நீளம், 1.39 ஆங்ஸ்ட்ராம். சைக்ளோஹெக்சீனில் ஒரு சொட்டு புரோமினை விட்டால் சிவப்பு அந்த நொடியே மறைந்துவிடும். பென்சீனில் விட்டால் அப்படியே நிற்கும். கொஞ்சம் இரும்புத்தூளைப் போட்ட பிறகுதான் அசையும். குடுவையின் வாயில் வெண்புகை வரும், அது ஹைட்ரஜன் புரோமைடு. அதாவது புரோமின் கூடுதலாகச் சேரவில்லை, ஒரு ஹைட்ரஜனை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. வளையம் வளையமாகவே இருக்கிறது. அந்தப் பிடிவாதம்தான் அரோமேட்டிக் குணம்.

ஒரு எச்சரிக்கை. பென்சீன் ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது சந்தேகத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட விஷயம். நான் படித்த காலத்தில் அதில் கை கழுவினோம். நீங்கள் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

கேள்வி: ஒரே வினைபொருள்களை வைத்துக்கொண்டு வரிசையை மாற்றினால் வேறு விளைபொருள் வருகிறது என்கிறார் எங்கள் ஆசிரியர். அப்படியானால் மனப்பாடம் செய்யாமல் வரிசையை முடிவு செய்வது எப்படி? – இளங்கலை மாணவி

நீங்கள் கேட்டிருப்பதுதான் இந்தத் துறையின் உயிர். வளையத்தில் ஒன்றை ஏற்றுவது பெரிய விஷயமல்ல. எந்த மூலையில் ஏற்றுவது என்பதுதான் வேலை.

மூலைகளுக்குப் பெயர் உண்டு: ஏற்கெனவே ஏறிய தொகுதிக்கு அடுத்த மூலை ஆர்த்தோ, ஒன்று தள்ளியது மெட்டா, நேர் எதிரே இருப்பது பாரா. முதலில் சின்ன உதாரணம். பென்சீனுக்கு நைட்ரோவை முதலில் ஏற்றிவிட்டு அப்புறம் புரோமினைக் கொண்டுவந்தால் அது மெட்டா இடத்துக்குப் போகும். புரோமினை முதலில் ஏற்றிவிட்டு நைட்ரோவைக் கொண்டுவந்தால் ஆர்த்தோவும் பாராவும் கலந்து வரும். முதலில் வந்து உட்கார்ந்தது அடுத்து வருவதற்கு இடம் காட்டுகிறது. நைட்ரோ எலெக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும். அதனால் ஆர்த்தோ, பாரா இரண்டும் அதிகமாக வறண்டுபோகின்றன, இருப்பதில் பரவாயில்லாத இடம் மெட்டா. புரோமினும் இழுக்கத்தான் செய்கிறது, ஆனால் தன்னிடம் இருக்கும் தனி ஜோடி எலெக்ட்ரானை ஆர்த்தோ, பாரா பக்கமாகக் கொடுத்தும் உதவுகிறது. யார் இழுக்கிறார், யார் கொடுக்கிறார் என்று தெரிந்தால் மனப்பாடம் தேவையில்லை.

சரி, இப்போது கொஞ்சம் கடினமானதைப் பார்ப்போம். 1, 3, 5 இடங்களில் மூன்று புரோமின் வேண்டும், வேறு எதுவும் வேண்டாம். மூன்றும் ஒன்றுக்கொன்று மெட்டா. ஆனால் புரோமினோ ஆர்த்தோவையும் பாராவையும்தான் காட்டும். நேராகப் போனால் எத்தனை நாள் சூடாக்கினாலும் இது கிடைக்காது. நான் முதுகலையில் இருந்தபோது இந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு எங்கள் பேராசிரியர் வெளியே போய்விட்டார். வகுப்பு முழுக்க அரை மணி நேரம் விழித்தோம்.

வழி இது. அனிலினை, அதாவது அமினோ தொகுதி ஏறிய பென்சீனை, எடுங்கள். அமினோ தொகுதி எலெக்ட்ரானை வாரி வழங்கும். புரோமின் நீரை ஊற்றினால் இரும்பு கூட வேண்டாம், குலுக்கிய கையோடு தயிர் போல வெள்ளையாக வீழ்படிவு இறங்கும். இரண்டு ஆர்த்தோ, ஒரு பாரா, மூன்றிலும் புரோமின் உட்கார்ந்தாயிற்று. அந்த மூன்றும் தங்களுக்குள் மெட்டா என்பதைக் கவனியுங்கள். இனி அமினோ தொகுதிக்கு அங்கே வேலை இல்லை. அமிலத்தில் சோடியம் நைட்ரைட்டைச் சேர்த்து அதை டயசோனியமாக (இரண்டு நைட்ரஜன் ஒட்டிய நிலை) மாற்றினால், ஆல்கஹாலிலோ ஹைப்போபாஸ்பரஸ் அமிலத்திலோ நைட்ரஜன் வாயுவாகக் குமிழிட்டுப் போய்விடும். அந்த இடத்துக்கு ஹைட்ரஜன் வந்துவிடும். குளிரவிட்டால் ஊசி ஊசியாக வெள்ளைப் படிகம்.

அன்று அந்தப் படிகத்தை வடிதாளில் வைத்துக்கொண்டு நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இடம் காட்டுவதற்கென்றே ஒருவரை வரவழைத்து, வேலை முடிந்ததும் மரியாதையாக அனுப்பிவைக்கலாம் என்பது எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

அனிலினில் ஒரு பொறி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அடர் கந்தக அமிலமும் நைட்ரிக் அமிலமும் கலந்து அனிலினுக்கு நைட்ரோ ஏற்றினால் பாதிக்குப் பாதி மெட்டா வரும். காரணம், அந்த அமிலத்தில் அமினோ ஒரு புரோட்டானை ஏற்றுக்கொண்டு அனிலினியமாகிவிடுகிறது. கொடுத்துக்கொண்டிருந்த கை இழுக்கும் கையாகிவிடுகிறது. அசெட்டிக் அன்ஹைட்ரைடு போட்டு முதலில் அசெட்டனிலைடாக மூடிவிட்டு ஏற்றுங்கள், பெரும்பகுதி பாராவில் வரும். பிறகு மூடியைக் கழற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: அலுமினியம் குளோரைடு வினையூக்கி என்று புத்தகம் சொல்கிறது. ஆனால் அசெட்டோபீனோன் செய்முறையில் அதை ஒரு மோலுக்கு மேல் எடுக்கச் சொல்கிறார்கள். வினையூக்கி கொஞ்சம் போதாதா? – மூன்றாம் ஆண்டு மாணவர்

உங்கள் சந்தேகம் சரி. அந்த வினையில் அது பெயருக்குத்தான் வினையூக்கி.

அலுமினியம் குளோரைடை வைத்து வளையத்தில் கார்பன் தொகுதியை ஏற்றும் இந்த வினையை 1877இல் ஃப்ரீடலும் கிராஃப்ட்ஸும் கண்டுபிடித்தார்கள். ஆல்கைல் தொகுதியை ஏற்றும்போது உண்மையிலேயே கொஞ்சம் போதும். அசைல் தொகுதியை (ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்புள்ள கார்பன் கொண்டது) ஏற்றும்போதுதான் சிக்கல். உண்டாகும் கீட்டோனின் ஆக்சிஜன் அலுமினியத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. ஒரு மூலக்கூறு விளைபொருளுக்கு ஒரு மூலக்கூறு அலுமினியம் குளோரைடு சிறைப்பட்டுவிடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 120 கிராம் அசெட்டோபீனோனுக்கு 133 கிராமுக்கும் மேல் அலுமினியம் குளோரைடு. செய்யும் பொருளை விட உடன் போட்டதன் எடை அதிகம். கடைசியில் அத்தனையையும் பனிக்கட்டியில் கொட்ட வேண்டும். சீறிக்கொண்டு அமிலப் புகை கிளம்பும், அடியில் மிஞ்சுவது அலுமினிய உப்புக் கரைசல், திரும்ப எதற்கும் ஆகாது. ஒரு குடுவையில் இது பரவாயில்லை. ஆயிரம் லிட்டர் கலத்தில் நினைத்துப் பாருங்கள்.

இதற்கு விடை தேடியவர்களின் நல்ல உதாரணம் இபுபுரூஃபன். பழைய முறையில் ஐசோபியூட்டைல்பென்சீனிலிருந்து ஆறு படி. போட்ட அணுக்களில் 40 சதவீதம்தான் மருந்தாக வெளியே வரும். 1992இல் ஆலைக்கு வந்த புது முறையில் மூன்றே படி. அசைல் ஏற்றுவதற்கு ஹைட்ரஜன் ஃபுளோரைடு, அதை மீட்டு மீட்டு மறுபடி பயன்படுத்துகிறார்கள். அடுத்து ஹைட்ரஜனேற்றம். மூன்றாவதாக, பல்லேடியம் முன்னிலையில் கார்பன் மோனாக்சைடு. அணுக்கணக்கு 77 சதவீதத்துக்கு ஏறியது. ஹைட்ரஜன் ஃபுளோரைடு மிக மோசமான விஷம் என்பதையும் மறைக்கக் கூடாது. அதை மூடிய அமைப்புக்குள் கையாளத் தெரிந்தவர்களால்தான் இது முடிந்தது.

மாணவர்கள் விளைச்சல் சதவீதத்தை மட்டும் எழுதிக் கொண்டுவரும்போது நான் எப்போதும் கேட்பது, கழிவுப் புட்டியை எடை போட்டாயா என்பதுதான். 95 சதவீத விளைச்சலோடு பத்து மடங்கு கழிவு வந்திருக்கலாம். அதையும் நோட்டில் எழுதுங்கள்.

கேள்வி: மேடம், சுசுகி இணைப்பு வினை செய்கிறேன். இரண்டு முறை நன்றாக வந்தது. அளவைப் பெரிதாக்கியதும் கலவை கறுத்துப்போய் வினை பாதியில் நின்றுவிட்டது. டிஎல்சியில் (கலவையைப் பூச்சுத் தட்டில் ஏறவிட்டுப் பொருள்களைப் புள்ளிகளாகப் பிரித்துப் பார்க்கும் சோதனை) மேலே ஒரு புதுப் புள்ளி. எங்கே தப்பு? – ஆராய்ச்சி மாணவி

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் பழைய நோட்டு ஒன்று நினைவுக்கு வந்தது. கிட்டத்தட்ட இதே சம்பவம் எனக்கும் நடந்தது.

மற்ற வாசகர்களுக்காக இரண்டு வரி. இரண்டு அரோமேட்டிக் வளையங்களை நேராக இணைக்க வேண்டுமென்றால் ஒரு காலத்தில் உல்மன் முறைதான் கதி. 1901இல் வந்தது. தாமிரத்தூளை அள்ளிப் போட்டு 200 டிகிரிக்கு மேல் வறுக்க வேண்டும், பெரும்பாலும் ஒரே மாதிரி இரண்டு வளையங்கள்தான் இணையும். 1979இல் சுசுகியும் மியாவுராவும் வேறு வழி காட்டினார்கள். ஒரு வளையத்தில் போரான், மற்றதில் புரோமினோ அயோடினோ, நடுவில் துளி பல்லேடியம். பல்லேடியம் முதலில் கார்பன்–புரோமின் பிணைப்புக்குள் நுழைந்துகொள்ளும். காரத்தின் உதவியோடு போரான் தன் வளையத்தை அதனிடம் ஒப்படைக்கும். இரண்டு வளையமும் ஒரே பல்லேடியத்தின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வந்ததும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கழன்றுவிடும். பல்லேடியம் பழைய நிலைக்குத் திரும்பி அடுத்த சுற்றுக்குத் தயார். நூறு மூலக்கூறுக்கு ஒரு பல்லேடியம் அணு போதும். இங்கே மூலையைக் காட்ட எந்தத் தொகுதியும் வேண்டாம். புரோமின் எங்கே இருந்ததோ அங்கேதான் ஒட்டும். ஹெக், நெகிஷி இருவரோடு சுசுகிக்கு 2010இல் நோபல் பரிசு கிடைத்தபோது எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுக் கை தட்டினோம். தினமும் கையில் எடுக்கும் வினை அல்லவா.

இனி உங்கள் குடுவை. கறுப்பு என்பது செத்துப்போன பல்லேடியம். அணுக்கள் தங்களுக்குள் ஒட்டி உலோகத் தூளாக இறங்கிவிட்டன. மேலே புதிதாகத் தெரியும் புள்ளி, உங்கள் போரானிக் அமிலம் தன்னோடு தானே இணைந்த பொருளாக இருக்க வேண்டும். கறுப்பும் அந்தப் புள்ளியும் சேர்ந்து வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது ஆக்சிஜனை.

எனக்கு நடந்தது இப்படி. ஐந்து கிராம் அளவில் மூன்று முறை ஒழுங்காக வந்த வினையை 20 லிட்டர் கலத்துக்குக் கொண்டுபோனோம். கரைப்பானுக்குள் நைட்ரஜனை ஒரு மணி நேரம் விட்டோம். வினையூக்கி புதுப் புட்டி, எலுமிச்சை மஞ்சள் நிறத்தில் பளிச்சென்று இருந்தது. எல்லாம் போட்டுச் சூடேற்றி, கடைசியில் பொட்டாசியம் கார்பனேட் கரைசலை மேலே இருந்த புனலிலிருந்து விட ஆரம்பித்தோம். பத்து நிமிடத்தில் மஞ்சள் பழுப்பானது, பழுப்பு கறுப்பானது. கண்ணாடிச் சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி போல உலோகம் படிந்துவிட்டது. இரவு முழுவதும் காரணம் தேடினேன். விடியற்காலையில்தான் புத்தியில் உறைத்தது. கரைப்பானில் இருந்த காற்றை எல்லாம் விரட்டியவள், கார்பனேட் கரைசலைக் குழாயடியில் கலக்கி அப்படியே ஊற்றியிருக்கிறேன். ஆறு லிட்டர் தண்ணீர், அதில் கரைந்திருந்த அத்தனை ஆக்சிஜன். சின்ன அளவில் அந்தத் தவறு இருந்துகொண்டேதான் இருந்தது, ஊற்றி முடிக்க எடுத்த நேரம் குறைவு என்பதால் வெளியே தெரியவில்லை.

அதனால் காரக் கரைசலுக்குள்ளும் நைட்ரஜனை விடுங்கள். குழாயின் முனை திரவத்துக்கு அடியில் இருக்க வேண்டும், மேலே ஊதினால் பயனில்லை. வினையூக்கியைக் கடைசியில் சேருங்கள். டெட்ராகிஸ் என்ற பல்லேடியம் வினையூக்கியின் புட்டியைத் திறந்து நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் மங்கிப் பழுப்போ பச்சையோ கலந்திருந்தால் எடை போடவே வேண்டாம். அப்புறம் கலக்கியின் வேகம். எண்ணெய்ப் படலமும் நீர்ப் படலமும் தனித்தனியாக நின்றால் காரம் போரானைச் சேராது. பெரிய கலத்தில் இதைக் கண்ணாலேயே பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

விளைபொருள் மருந்தாகப் போவதாக இருந்தால் இன்னொன்று. வாய்வழி மருந்தில் ஒரு நாளைக்கு உடலுக்குள் போகலாம் என்று சர்வதேச வழிகாட்டுதல் அனுமதிக்கும் பல்லேடியம் 100 மைக்ரோகிராம். வெள்ளையாகப் படிகம் கிடைத்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். கரியில் வடிகட்டியோ, கந்தகத் தொகுதி ஏற்றிய சிலிக்காவில் ஓடவிட்டோ எடுத்துவிட்டு அளந்து பாருங்கள்.

கேள்வி: ஆய்வகத்தில் ஆர்த்தோவையும் பாராவையும் சிலிக்கா நிரப்பிய குழாயில் ஓடவிட்டுப் பிரிக்கிறோம். ஆலையில் டன் கணக்கில் எப்படிச் செய்கிறார்கள்? – ஓய்வுபெற்ற ஆசிரியர்

பாரா சைலீனை எடுத்துக்கொள்வோம், ஐயா. பாலியெஸ்டர் நூலுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் மூலம் அதுதான். பாரா 138 டிகிரியில் கொதிக்கும், மெட்டா 139இல். காய்ச்சிப் பிரிப்பது நடக்காது. ஆனால் பாரா 13 டிகிரியிலேயே உறைந்துவிடும், மெட்டா உறைய மைனஸ் 48 வரை போக வேண்டும். குளிரவைத்துப் படிகமாக்குவது ஒரு வழி.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு வழி. இசட்எஸ்எம்-5 என்ற ஜியோலைட்டின் துளைகள் சுமார் 5.5 ஆங்ஸ்ட்ராம்தான். ஒல்லியாக நீண்டிருக்கும் பாரா அதில் எளிதாக வெளியேறும். தோள் அகன்ற ஆர்த்தோவும் மெட்டாவும் உள்ளே திணறும். உள்ளிருக்கும் அமில இடங்கள் அவற்றை மாற்றிக்கொண்டே இருக்கும், பாராவாக மாறியது வெளியே போய்விடும். பிரிக்கும் வேலையையும் ஆக்கும் வேலையையும் ஒரு கல்லின் துளை செய்கிறது.

இந்த வளையங்கள் எல்லாம் முதலில் நிலக்கரித் தாரிலிருந்து வந்தன. 1949 முதல் அலுமினாவில் கொஞ்சமாகப் பூசிய பிளாட்டினத்தின் மேல் பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் நாஃப்தாவை ஓடவிட்டுச் செய்யும், ஹென்சல் என்ற வேதியியலாளரின் முறை அந்த இடத்தைப் பிடித்தது. அந்த பிளாட்டினத்துக்குக் கந்தகம் எமன். அதனால் உள்ளே விடுவதற்கு முன்பே நாஃப்தாவிலிருந்து கந்தகத்தை எடுத்துவிடுவார்கள்.

கந்தகம் என்றதும் ஒரு சம்பவம். தார் பென்சீனில் ஐசாட்டினும் கந்தக அமிலமும் சேர்த்தால் அழகான நீலம் வரும், அது பென்சீனுக்கான சோதனை என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1882இல் விக்டர் மேயர் வகுப்பில் அதைச் செய்து காட்டினார். நீலம் வரவில்லை. உதவியாளர் சாண்ட்மையர் அன்று தார் பென்சீன் தீர்ந்துபோனதால், பென்சாயிக் அமிலத்திலிருந்து செய்த பென்சீனைக் கொடுத்திருந்தார். தோற்றுப்போன அந்தச் சோதனையை மேயர் விடவில்லை. தார் பென்சீனில் ஒளிந்திருந்த தயோஃபீனைப் பிடித்தார். பென்சீன் 80 டிகிரியில் கொதிக்கும், கந்தகம் கொண்ட அந்த வளையம் 84இல். அத்தனை வருடம் யாருக்கும் தெரியாமல் கூடவே வந்திருக்கிறது. பின்னால் டயசோனியத்தை வைத்துக் குளோரோபென்சீன் செய்யும் வினைக்குத் தன் பெயரைக் கொடுத்தவரும் இதே சாண்ட்மையர்தான்.

கேள்வி: பல்லேடியமே இல்லாமல் இணைப்பு வினை நடந்தது என்று சக மாணவர் சொல்கிறார். அவருடைய விளைபொருள் நன்றாகவே இருக்கிறது. நம்பலாமா? – ஆராய்ச்சி மாணவர்

விளைபொருளை நம்பலாம். 'இல்லாமல்' என்பதை மட்டும் இப்போதைக்கு நம்ப வேண்டாம்.

2003இல் ஒரு ஆராய்ச்சிக் குழு, உலோகமே இல்லாமல் சுசுகி வினை நடந்தது என்று வெளியிட்டது. கவனமாகச் செய்த வேலைதான். பிறகு அதே குழு விடாமல் தேடிப்போய், 2005இல் காரணத்தையும் வெளியிட்டது. கடையில் வாங்கிய சோடியம் கார்பனேட்டில் பல்லேடியம் இருந்தது, நூறு கோடியில் 50 பங்கு அளவில். அவ்வளவே போதுமானதாக இருந்திருக்கிறது. தன் முடிவைத் தானே திருத்தி எழுதிய அந்தக் குழுவின் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

ஆகவே உங்கள் நண்பரிடம் இதைச் செய்யச் சொல்லுங்கள். பல்லேடியம் வினை ஒருபோதும் நடக்காத புதுக் குடுவை, புதுக் காந்தக் கலக்கி. பழைய கலக்கியின் வெள்ளை உறையில் கீறல்களுக்குள் உலோகம் ஒளிந்திருக்கும், எவ்வளவு கழுவினாலும் போகாது. வேறு புட்டியிலிருந்து கார்பனேட், முடிந்தால் வேறு நிறுவனத்தின் புட்டி. கரண்டியும் புதிது. அதே வெப்பநிலை, அதே நேரம். டிஎல்சி தட்டை 254 நானோமீட்டர் விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, புள்ளி வந்ததா வரவில்லையா என்று எனக்கு எழுதுங்கள்.